வேலிக்குள் இருந்த மரம் ஏன் நலிந்தது?

வணக்கம். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மேயாதபடி வேலி போட்டும் கென்யாவின் சீழ்க்கைமுள் வேலமரங்கள் ஏன் நலிந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதலில் அங்கேதான் இடறினேன்.

உப்பிய முள் எறும்புக்கு வீடு, இலைக்காம்பருகே கசியும் தேன் கூலி. (அந்த முள்ளில் எறும்பு போட்ட துளையில் காற்று புகுந்துதான் சீழ்க்கைச் சத்தமே வருகிறது.) மேய வரும் விலங்கை எறும்புகள் திரண்டு வந்து கடிக்கும். மேய்ச்சலே இல்லையென்றால் மரம் கூலியைக் குறைத்துவிடுகிறது. சூழலியலாளர் டாட் பாமர் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்டு வேலிக்குப் பிறகு முள்ளும் தேன்சுரப்பியும் குறைந்திருந்தன. காவல் எறும்பு பலமிழந்ததும் வேறோர் இனம் பரவியது. அது வாழ்வது வண்டுப்புழு குடைந்த பொந்துகளில், ஆகவே வண்டைத் தடுக்காது. அந்தக் குடைச்சல்தான் மரத்தை நலியவைத்தது. உங்கள் கட்டுரையில் வண்டை விட்டுவிடாதீர்கள்.