அதிக விலை கொடுத்து வாங்கும் பின்பால் இயந்திரம் அதிக நாள் உழைக்குமா?

கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த தளத்தில் உருளும் எஃகுப் பந்தைத் துடுப்புகளால் தட்டி ஆடும் பெட்டிதான் பின்பால் (pinball) இயந்திரம். முதல்முறையாக அப்படிப் புதிய ஒன்றை வாங்கவிருக்கும் ஒருவர் இங்கே மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். ஒரே ஆட்டத்துக்கு மூன்று விலை வைத்திருக்கிறார்களே, கூடுதலாகக் கொடுத்தால் பழுது குறையுமா? இப்போது வரும் இயந்திரங்கள் பழையவற்றைப் போல உழைக்குமா? தனக்குப் பிடித்த படத்தின் பெயரில் வந்திருக்கிறது என்பதற்காகவே ஒன்றை வாங்கிவிடலாமா? 15 ஆண்டுகளாக இவற்றை ஆடியும், கண்ணாடியைக் கழற்றி ஆட்டத்தளத்தைத் தூக்கி நிறுத்திப் பழுது பார்த்தும் வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு என் விடை, குறையாது என்பதே. பல நேரங்களில் பழுது கூடவே செய்யும். விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் இதன் காரணம் எளிதில் புரியும். ஸ்டெர்ன் நிறுவனம் தன் ஆட்டங்களைப் புரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன் என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. 2023இல் வந்த ஃபூ ஃபைட்டர்ஸ் ஆட்டத்துக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலைகள் முறையே 6,999, 9,699, 12,999 டாலர். புரோவிலிருந்து பிரீமியத்துக்குப் போகும்போது ஆட்டத்தளத்தில் அசையும் பொறிகள் சேர்கின்றன. பிரீமியத்திலிருந்து லிமிடெட்டுக்குப் போகும்போது ஆட்டத்தில் ஏறக்குறைய எதுவும் மாறுவதில்லை. பெட்டியின் ஓவியம், பக்கவாட்டு உலோகச் சட்டங்கள், வரிசை எண் பொறித்த தகடு போன்ற அலங்காரங்களே மாறுகின்றன. இந்த இரண்டாவது தாவலுக்கு 3,300 டாலர் கொடுப்பவர் எண்ணிக்கை குறைவான ஒரு பொருளுக்காகக் கொடுக்கிறார் என்பதைத் தெரிந்து கொடுத்தால் அதில் தவறில்லை. உழைப்புக்காகக் கொடுப்பதாக நினைத்துவிடக் கூடாது.

முதல் தாவலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 2021இல் வந்த காட்ஸில்லா ஆட்டத்தின் பிரீமியம் பதிப்பில், பந்து மோத மோதக் கட்டடத்தின் மாடிகள் ஒவ்வொன்றாக இறங்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அதற்காகவே அந்தப் பதிப்பை விரும்புபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், மாடி இறங்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு மோட்டார் வேண்டும், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்ல உணரிகள் வேண்டும், அவற்றுக்கெல்லாம் கம்பிகள் வேண்டும். புரோவில் அந்தப் பொறி கிடையாது. இல்லாத பொறி பழுதாவதில்லை. பொது இடங்களில் காசு போட்டு ஆட வைப்பவர்கள் பெரும்பாலும் புரோவையே வாங்குவதற்கு விலை ஒரு காரணம் என்றால், நடுநிசியில் மோட்டார் சிக்கிக்கொண்டது என்று யாரும் அழைக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம்.

விலை ஏன் இந்த அளவுக்குப் போனது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் இயந்திரத்துக்குள் சுமார் 3,500 உதிரிப்பாகங்களும் அரை மைல் நீளக் கம்பியும் இருப்பதாகத் தயாரிப்பாளர்கள் சொல்வார்கள்; இவற்றில் பெரும்பகுதியை மனிதர்கள் கையால் பொருத்த வேண்டியிருக்கிறது. 1992இல் வந்த தி ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 இயந்திரங்கள் விற்றது. வடிவமைப்புச் செலவும் உரிமச் செலவும் அத்தனை இயந்திரங்களின் மேல் பங்கிடப்பட்டன. இன்று ஓர் ஆட்டத்தின் லிமிடெட் எடிஷன் பெரும்பாலும் 1,000 அல்லது அதற்கும் குறைவாகவே செய்யப்படுகிறது. ஆகவே விலை உயர்ந்ததில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஜெர்சி ஜாக் நிறுவனத்தின் மிக உயர்ந்த பதிப்பு 2020இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் ஆட்டத்துக்கு 12,500 டாலராக இருந்து, 2022இல் டாய் ஸ்டோரி 4 ஆட்டத்துக்கு 15,000 டாலரானதைச் செலவுக் கணக்கு மட்டுமே விளக்கிவிடாது என்று நினைக்கிறேன். வாங்குபவர்கள் முன்பதிவுக்கு முந்திக்கொண்டு வரிசையில் நின்றோம்; அதைப் பார்த்து விலை வைத்தார்கள்.

இனி உழைப்பைப் பற்றி. "பழைய இயந்திரம் இரும்பு, புதியது பிளாஸ்டிக்" என்று சொல்லும் வழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் ஊறிப்போனது. அது பாதி மட்டுமே உண்மை. 1990களின் வில்லியம்ஸ், பேலி நிறுவன இயந்திரங்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு, சூடான பல்புகளின் மின்னோட்டம் தாங்காமல் கருகிப்போன இணைப்பிகளும், மின்சுற்றுப் பலகையின் மேலேயே பொருத்தப்பட்ட பேட்டரி கசிந்து செப்புத் தடங்களை அரித்த பச்சைப் படிவமும் நன்றாகத் தெரியும். எல்இடி விளக்குகள் வந்தபின் முதல் தொல்லை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. அதே சமயம், அந்தக் காலத்து இயந்திரத்தில் ஒரு காயில் (பொறிகளை இயக்கும் மின்காந்தச் சுருள்) வேலை செய்யவில்லை என்றால், பலகையில், TIP-102 என்ற டிரான்சிஸ்டரைக் கழற்றிப் புதியதைச் சால்டர் செய்துவிட முடிந்தது. ஒரு மாலைப்பொழுதில் சில காசு செலவில் முடிகிற வேலை. இன்றைய இயந்திரங்களில் ஆட்டத்தளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு பலகைகள் இருக்கின்றன. அவற்றின் உறுப்புகள் மணல் பருமனில் இருப்பதால், சாதாரணச் சால்டரிங் கம்பியோடு உட்காருபவரால் அவற்றைத் தொட முடியாது. பலகையையே மாற்ற வேண்டும், அந்தப் பலகை கையிருப்பில் இருக்கவும் வேண்டும். இன்னும் 20 ஆண்டுகள் கழித்து அவை கிடைக்குமா என்பதே எனக்கு இருக்கும் உண்மையான கவலை.

ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் சந்திக்கப்போகும் பழுதுகள் அநேகமாகப் பலகையில் வராது. 80 கிராம் எடையுள்ள எஃகுப் பந்து ஒன்று, மரத்தளத்தின் மேல், நாள் முழுக்க எதன்மீதாவது மோதிக்கொண்டே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அதிர்வில் திருகாணி தளரும், கம்பி ஒடியும். நான் புதிதாக வாங்கிய ஓர் இயந்திரத்தில், அதன் தயாரிப்பாளர் பெயர் இங்கே வேண்டாம், மூன்றாம் வாரத்தில் வலப்பக்க ஃபிளிப்பர் (பந்தைத் தட்டும் துடுப்பு) விட்டுவிட்டு வேலை செய்தது. நூறு முறை அழுத்தினால் ஒருமுறை அசையாது. பலகை போய்விட்டது என்று நினைத்து மனம் சோர்ந்து, தளத்தைத் தூக்கி நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொரு கம்பியாக விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தேன். காயிலின் முனையில் சால்டர் செய்யப்பட்ட கம்பியில் ஏழெட்டு இழைகளில் ஒன்றே ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றவை அதிர்வில் ஒடிந்து விரிந்து நின்றன. கம்பியைக் கொஞ்சமும் தளர்வில்லாமல் இழுத்துக் கட்டியிருந்ததே காரணம். ஒடிந்த முனையைச் சீவி, சிறிது நெகிழ்வு விட்டு மீண்டும் சால்டர் செய்தேன். அதன்பின் இன்றுவரை அந்த ஃபிளிப்பர் தவறியதில்லை. அதே நாளில் பெட்டியின் அடித்தளத்தில் உருண்டு கிடந்த மூன்று திருகாணிகளையும் கண்டெடுத்து, எங்கிருந்து கழன்றன என்று தேடிப் பொருத்தினேன். புதிய இயந்திரம் எதை வாங்கினாலும் முதல் மாதத்தில் இதற்காக ஒரு மாலையை ஒதுக்கிவிடுங்கள்.

தளத்தில் சிறுசிறு குழிகள் விழுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். மரப்பலகையின் மேல் தெளிவான பூச்சு. அதன்மேல் எஃகுப் பந்து விழுந்தால் குழி விழத்தான் செய்யும். பழைய இயந்திரங்களிலும் விழுந்தது. ஆட ஆடக் குழிகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். தூண்களின் அடியில் பூச்சு சுருங்கிக் குவிவதும், அங்கிருந்து செதில் செதிலாகப் பெயர்வதும்தான் குறைபாடு. அதைக் கண்டால் படம் எடுத்து, ஆடுவதை நிறுத்தி, உடனே விற்பனையாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று, மென்பொருள் முழுமையடையாமலே இயந்திரங்கள் வந்துவிடுகின்றன. விதிகளும் இறுதிச் சவால்களும் பின்னர் புதுப்பிப்புகளாக வருகின்றன, சில சமயம் ஓராண்டுக்கும் மேலாகிறது. வெளியான முதல் மாதத்தில் வாங்குபவர் தொழிற்சாலையின் முதல் தவறுகளையும் சேர்த்தே வாங்குகிறார். அவசரம் இல்லாதவர்கள் ஓராண்டு பொறுப்பது நல்லது.

கருப்பொருள் பற்றிய கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. படம், இசைக்குழு என்று உரிமம் பெற்று வைக்கும் பெயர்கள் விற்பனையைத் தாங்குகின்றன என்பதை மறுக்க முடியாது. அதிகம் விற்ற தி ஆடம்ஸ் ஃபேமிலியே அப்படிப்பட்டதுதான். ஆனால் அதே இயந்திரம் இன்றும் தேடப்படுவதற்குப் பேட் லாலரின் வடிவமைப்பே காரணம். எந்தப் படத்தையும் சாராமல் 1997இல் வந்த மெடீவல் மேட்னஸ் சுமார் 4,000 மட்டுமே செய்யப்பட்டது. பிறகு அதற்கான தேவை எவ்வளவு பெருகியது என்றால், சிகாகோ கேமிங் நிறுவனம் 2015இல் அதை மறுபடியும் தயாரித்தது. கோட்டைவாயிலில் பந்தை அடித்துக் கோட்டையைச் சரிப்பதில் இருக்கும் நிறைவு, எந்த நடிகரின் முகத்தையும் நம்பியிருக்கவில்லை.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. போட்டி ஆட்டக்காரராக உலகப் பட்டம் வென்ற கீத் எல்வின், ஆர்ச்சர் என்ற, உளவாளிகளைப் பற்றிய தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடரை வைத்துத் தன் சொந்த முயற்சியில் ஓர் இயந்திரம் செய்திருந்தார். ஸ்டெர்ன் அவரை வேலைக்கு எடுத்தபின், அந்த ஆட்டத்தளத்தின் அமைப்பே 2018இல் அயர்ன் மெய்டன் என்ற இசைக்குழுவின் பெயரில் வெளிவந்தது. உளவாளிகளுக்காக வளைத்த பாதைகளில் இசைக்குழுவின் பாடல்கள் ஓடின, யாருக்கும் அது ஒட்டுப்போட்டதாகத் தோன்றவில்லை. அந்த இசைக்குழுவின் ஒரு பாட்டைக்கூட முன்பு கேட்டிராத நான் அந்த இயந்திரத்தில் எத்தனையோ இரவுகளைக் கழித்திருக்கிறேன். மாறாக, சிறுவயதில் இருந்தே நேசித்த ஒரு கதையின் பெயரில் வந்ததற்காக வாங்கிய இன்னொன்றை எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே இரண்டு அடிகளை அடிக்க வேண்டியிருந்ததும், ஒரே வசனத்தை நாற்பது முறை கேட்க நேர்ந்ததும் அந்தக் கதையின் மீதிருந்த அன்பையே கொஞ்சம் குறைத்துவிட்டன.

ஆகவே உங்களுக்குப் பிடித்த படத்தின் இயந்திரத்தை வாங்குமுன், எங்காவது பொது இடத்தில் அது இருந்தால் போய் ஆடிப் பாருங்கள், குறைந்தது அரை மணி நேரம் இடைவிடாமல். முதல் பத்து நிமிடம் படத்தின் காட்சிகளும் குரல்களும் கவனத்தை ஈர்த்துவிடும். அது அடங்கியபின், மேலே ஏறும் ராம்பை (சரிவுப் பாதையை) நோக்கிப் பந்தை அடிக்கும்போது கைக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். அரை மணி ஆனதும் காயில்கள் சூடேறியிருக்கும். அப்போதும் அதே ராம்பில் பந்து உச்சிவரை ஏறுகிறதா, அல்லது பாதியில் நின்று திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். தளத்தின் சாய்வு வழக்கமான 6.5 பாகையில்தான் இருக்கிறதா என்பதை அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொண்டால், குறை இயந்திரத்திலா நிறுத்தியிருக்கும் விதத்திலா என்பதும் தெரிந்துவிடும்.