குளிரில் தண்ணீரைத் தொட மறுக்கும் பிள்ளைக்கு ஒளு பழக்குவது எப்படி?

கேள்வி: "ஆறு வயது மகனுக்கு ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவது) சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். தண்ணீரைக் கண்டாலே அழுகிறான். தொழுகைக்கு அவனை எப்படித் தயார் செய்வது?"

முதலில் வெந்நீர் வையுங்கள். உங்கள் மகனுக்கு ஒளுவின் மேல் எந்த வெறுப்பும் இருக்காது, சிண்டெக்ஸ் தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீரின் மேல்தான் பயம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரியில் விடியும்போது புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்துக் குழாய்த் தண்ணீரில் பெரியவர்களுக்கே விரல் மரத்துப்போகிறது. ஆறு வயதுக் குழந்தை அழத்தான் செய்யும்.

நான் குன்னூரில் இருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் குர்ஆன் ஓதுவார்கள், சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுதுவிட்டுப் போவார்கள். அதனால் எல்லாப் பிள்ளைகளும் ஒளு எடுப்பதை அன்றாடம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

"குளிரில் பச்சைத் தண்ணீரில் எடுத்தால்தான் நன்மை அதிகம்" என்று சில வீடுகளில் பிள்ளைகளை வற்புறுத்துகிறார்கள். சிரமமான நேரத்திலும் ஒளுவைக் குறைவில்லாமல் செய்வது பாவங்களை அழிக்கும், அந்தஸ்தை உயர்த்தும் என்று ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது சிரமம் வந்துவிட்டால் பின்வாங்காதே என்று சொல்கிறது. அடுப்பும் கீசரும் இருக்கிற வீட்டில் சிரமத்தைத் தேடிப் போகச் சொல்லவில்லை. அதிலும் இன்னும் கடமையே ஆகாத ஒரு குழந்தையிடம் அதை எதிர்பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்று அபூதாவூத் தொகுப்பில் வரும் ஹதீஸ், கண்டிப்பைப் பத்து வயதுக்குத்தான் தள்ளி வைக்கிறது. நடுவில் மூன்று வருடம் சொல்லிச் சொல்லிப் பழக்குவதற்கான காலம். உங்கள் மகன் அந்த ஏழுக்கே இன்னும் வரவில்லை. அவசரப்படாதீர்கள்.

பாடத்தை அவன் கையைக் கழுவச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். கொஞ்ச நாள் நீங்கள் ஒளு எடுக்கும்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். இப்னு அப்பாஸ் (ரலி) சிறு பையனாக இருந்தபோது நபி (ஸல்) அவர்களுக்கு ஒளுவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். யார் வைத்தது என்று நபி (ஸல்) கேட்டு, "யா அல்லாஹ், இவருக்கு மார்க்கத்தில் விளக்கத்தைக் கொடு" என்று துஆ (பிரார்த்தனை) செய்தார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவன் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் நீங்களும் அவனுக்காக அந்த துஆவைச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குள் சொம்பு தூக்குவதற்கே போட்டி நடக்கும்.

அப்புறம் செய்து காட்டுவது. நபித்தோழர் உஸ்மான் (ரலி) ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வரவழைத்து, எல்லோரும் பார்க்கும்படி முழு ஒளுவையும் செய்து முடித்துவிட்டு, நபி (ஸல்) இப்படித்தான் ஒளு செய்யப் பார்த்தேன் என்று சொன்னார்கள். பர்ளு (கட்டாயம்) எத்தனை, சுன்னத் (நபிவழி) எத்தனை என்று முதல் நாளே மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது நல்ல வழி. பிஸ்மி சொல்லி, இரண்டு கை மணிக்கட்டு வரை, வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் விட்டு, முகம், முழங்கையோடு சேர்த்து கை, தலைக்கு மஸஹு (ஈரக்கையால் தடவுவது), காது, கரண்டைவரை கால். இந்த வரிசை கண்ணால் பார்த்துப் பார்த்தே பதிந்துவிடும். எண்ணிக்கையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மலைக்குளிரில் இருக்கிற பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒருமுறை கழுவினாலே ஒளு நிறைவேறிவிடும் என்பது. நபி (ஸல்) உறுப்புகளை ஒருமுறை மட்டும் கழுவியதாகவும், இரண்டிரண்டு முறை கழுவியதாகவும், மும்மூன்று முறை கழுவியதாகவும் புகாரியில் தனித்தனியாகவே வருகிறது. மூன்று முறை சுன்னத், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிற மதியத்தில் மூன்று முறை செய்து பழகட்டும். உறைபனிக் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை, ஆனால் ஒரு இடமும் விடாமல். தண்ணீரும் நிறைய வேண்டாம். நபி (ஸல்) ஒரு முத்து (அந்தக் கால அரபு அளவை) தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள். முத்து எவ்வளவு என்பதில் மத்ஹபுகளின் (மார்க்கச் சட்டப் பிரிவுகளின்) கணக்கு வித்தியாசப்பட்டாலும், ஏறக்குறைய ஒரு லிட்டர் அல்லது அதற்கும் குறைவுதான். குன்னூரில் தண்ணீர் முறை வைத்து வரும் நாட்களில் இந்த அளவு எங்களுக்கு ரொம்பக் கை கொடுக்கிறது. பிள்ளைக்கு ஒரு சொம்பு வெந்நீர் விளாவிக் கொடுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் குளிரில் நிற்பதைவிட வேலை சீக்கிரம் முடியும்.

உடுப்பைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் உள்ளே தெர்மல், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று மூன்று அடுக்கில் திரிகிறவர்கள். இறுக்கமான தெர்மல் கை முழங்கைக்கு மேல் ஏறவே ஏறாது. பிள்ளை அதுவரை நனைத்துவிட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். முழங்கை காய்ந்தே இருக்கும், சட்டை மட்டும் ஈரமாகி மாலை முழுக்க நடுங்கும். தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கையை மேலே ஏற்றிவிடப் பழக்குங்கள். ஏறாத உடுப்பைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும், உடனே துடைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. அடுத்து குதிகால். காலைத் தண்ணீரில் காட்டிவிட்டு ஓடுகிற பிள்ளைக்குக் குதிகாலின் பின்பக்கம் எப்போதும் காய்ந்திருக்கும். சரியாகக் கழுவப்படாத குதிகால்களைப் பற்றி நபி (ஸல்) சத்தம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள். பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம், ஒளு முடிந்ததும் உங்கள் விரலால் அங்கே தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பாராட்டுங்கள்.

பனியில் உதடும் காலும் வெடிப்பதால் வாசலின் பூசியிருப்பீர்கள். லேசான எண்ணெய்ப் பசை பரவாயில்லை. கட்டியாகப் படிந்திருந்தால் துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். மருதாணி நிறம் தடையில்லை, நகப்பாலிஷ் தடை. கைவேலை செய்த பிள்ளையின் விரலில் காய்ந்த ஃபெவிகால் இருக்கிறதா என்று பாருங்கள், அதை உரித்தாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் உருது பேசுகிற பிள்ளைகளும் ஹனஃபி மத்ஹப். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மலையாள வீட்டுப் பிள்ளைகள் ஷாஃபி. ஷாஃபிப் பிள்ளை தலையில் சில முடிகளைத் தடவினாலே பர்ளு நிறைவேறும், ஹனஃபிப் பிள்ளைக்குக் கால்வாசித் தலையாவது வேண்டும். ஷாஃபியில் நிய்யத்தும் (மனதில் எண்ணுவதும்) வரிசையும் பர்ளு, ஹனஃபியில் சுன்னத். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டம் வழியாக வரும் பிள்ளையின் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தால் ஹனஃபிப் பிள்ளைக்கு ஒளு முறிந்துவிடும். ஷாஃபிப் பிள்ளைக்கு முறியாது, ரத்தத்தைக் கழுவிக்கொண்டால் போதும். பிள்ளைகள் இதைக் கேட்டுக் குழம்புவதில்லை, ரொம்ப ஆர்வமாகத்தான் கேட்கிறார்கள். நம் வீட்டு வழியை மட்டும் சரியென்று சொல்லி மற்றவனைத் திருத்தச் சொல்லிக்கொடுத்தால்தான் பிரச்சினை. உங்கள் வீட்டு மத்ஹப் எதுவோ அதைச் சொல்லிக்கொடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு மாதிரி செய்தாலும் அதுவும் ஒளுதான் என்று சேர்த்தே சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாம்.

காலுறை பற்றியும் கேட்பான். ஒளுவோடு போட்டுக்கொண்ட தோல் காலுறையின் மேல் ஈரக்கையால் மஸஹு செய்யலாம், ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஒரு இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. நாம் போடும் சாதாரணக் கம்பளி சாக்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது, கழற்றிக் காலைக் கழுவத்தான் வேண்டும். குளிருக்காக தயம்மும் (தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணால் தடவிக்கொள்வது) செய்யலாமா என்றும் ஒரு பிள்ளை கேட்டது. நபித்தோழர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) ஒரு படையெடுப்பின்போது, கடும் குளிர் இரவில், குளித்தால் உயிர் போய்விடும் என்று பயந்து தயம்மும் செய்தார்கள். வீட்டில் வெந்நீர் போட முடிகிற நமக்கு அந்த நிலை இல்லை.

கடைசியாக ஒன்று. குளிர் ஊரில் பிள்ளைகளுக்கு அடிக்கடி சிறுநீர் வரும். ஒளுவுக்கு முன்பே பாத்ரூம் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொழுகை முழுக்க நெளிந்துகொண்டே நிற்கும். நடுவில் காற்றுப் பிரிந்துவிட்டால் வெட்கப்பட்டு அப்படியே தொழுதுவிடும், அல்லது பிரிந்ததா இல்லையா என்று தெரியாமல் திரும்பத் திரும்பப் போய் ஒளு எடுக்கும். இரண்டாவது வகைப் பிள்ளைக்கு, சத்தம் கேட்டாலோ வாடை தெரிந்தாலோ தவிரத் தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்ற ஹதீஸைச் சொல்லிக்கொடுங்கள், வெறும் சந்தேகத்தால் ஒளு போகாது. முதல் வகைப் பிள்ளை எழுந்து போகும்போது அண்ணன் அக்கா யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொம்பில் கொஞ்சம் வெந்நீர் மிச்சம் வைத்திருங்கள்.