மாமிக்குச் சோறு மூடி வைத்துவிட்டுப் போகும் விடுமுறை

கேள்வி: எனக்கு 38 வயது. திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 10. மாமி எங்களோடுதான் இருக்கிறார், சுத்த சைவம். பொங்கல், சித்திரை, தீபாவளி எது வந்தாலும் பிள்ளைகள் வெளியே போய்ச் சாப்பிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். மாமியோ, “மச்சம் சமைக்கிற கடையில எனக்குத் தண்ணிகூட வேண்டாம்” என்பார். நான் விடியவே எழும்பி அவருக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் புறப்படுவேன். போன இடத்தில் மகளுக்கு எதுவும் பிடிக்காது. பில் வந்ததும் கணவரின் முகம் மாறிவிடும். வீட்டுக்குத் திரும்பினால் வைத்த சோறு வைத்தபடியே இருக்கும், மாமி தொட்டிருக்கமாட்டார். வருகிற சித்திரை வருடப்பிறப்புக்குக் கனடாவிலிருந்து கணவரின் தம்பி குடும்பம் வருகிறது. நாங்கள் ஐந்து, அவர்கள் நான்கு. “எல்லாரையும் ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவம்” என்று கணவர் சொல்லிவிட்டார். எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது. ஏதாவது சாட்டுச் சொல்லித் தவிர்க்கலாமா? மாமியை வீட்டில் விட்டுவிட்டுப் போவது பிழையா?
வாசகி, பாலையூற்று

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சாட்டுச் சொல்ல வேண்டாம். எல்லாருமாகப் போங்கள். இதுவரை போன மாதிரி மட்டும் போகாதீர்கள்.

மாமியைப் பற்றியும் பில்லைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். என்னை நிறுத்தி வைத்தது, விடியவே எழும்பிச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் புறப்படுவேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்ட வரிதான். அப்புறம் பிள்ளைகளை வெளிக்கிடுத்துவது, எந்தக் கடை என்று முடிவெடுப்பது, மேசையில் ஆளாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது, இரவு வந்து மாமியைச் சமாதானப்படுத்துவது எல்லாமே உங்கள் தலையில்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. வீட்டில் எல்லாருக்கும் விடுமுறை, உங்களுக்கு இரட்டை வேலை. பிறகு எப்படி பயம் வராமல் இருக்கும்?

எனவே முதலில் கணவரோடு பேசுங்கள். விருந்துக்குக் கூப்பிட்டது அவர். “இடத்தை நீங்களே பாருங்கோ, போன் பண்ணி ஒன்பது பேருக்கு மேசையும் நீங்களே சொல்லி வையுங்கோ. மாமியோடயும் பிள்ளைகளோடயும் நான் கதைக்கிறன்” என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை, தேநீர் குடிக்கிற நேரத்தில் சொன்னாலே போதும். இடத்தை அவரே பார்த்தால் விலையையும் முதலே பார்ப்பார். பில் வருகிற நேரத்தில் முகம் மாறுவது அதனாலேயே பாதி குறையும்.

இனி மாமி. ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதைப் பிடிவாதம் என்று நினைக்கிறவர்கள் கொத்து ரொட்டி போடுகிற இடத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். கோழிக் கொத்து அடித்த அதே இரும்புத் தகட்டில், ஒரு சுரண்டு சுரண்டிவிட்டு அடுத்ததாக மரக்கறிக் கொத்து அடிப்பார்கள். மீன் ரோல்ஸ் பொரித்த எண்ணெயில்தான் மரக்கறி ரோல்ஸும் பொரியும். கட்டைச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும், கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார்கள். வாழ்நாள் முழுக்கச் சைவமாக இருந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. “அங்க மரக்கறியும் இருக்கு மாமி, வாங்கோ” என்று நாம் அன்பாகச் சொன்னாலும், கொஞ்சம் விட்டுக்கொடுங்கோ என்றுதான் அவர் காதில் விழும்.

அதனால் ஒரே சாப்பாட்டில் எல்லாரையும் திருப்திப்படுத்தும் முயற்சியை விடுங்கள். விருந்தாளிகள் எப்படியும் சில நாட்கள் நிற்பார்கள். இரண்டு தடவை வெளியே போங்கள்.

முதல் தடவை மாமிக்காக. நகரத்தில் சைவக் கடைகள் இருக்கின்றன. ஒன்பது பேரும் ஒரு காலையில் அங்கே போய் உட்காருங்கள். நெய்த்தோசை, உளுந்து வடை, பூரி, கேசரி என்று பிள்ளைகளும் நன்றாகவே சாப்பிடுவார்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சுடச்சுட வருகிற தோசைதான் புதினம். செலவும் குறைவு. மாமி யாரையும் சந்தேகப்படாமல், தனக்கு என்ன வேண்டும் என்று தானே சொல்லிச் சாப்பிடட்டும். கடைசியாக அவர் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது தடவை மச்சம் சாப்பிடுகிறவர்களுக்கு. அன்றைக்கு மாமி வீட்டில் நிற்கலாம், அதில் பிழை இல்லை. அவரிடம் கேட்காமல் விட்டுப்போவதுதான் நோகும். மூடி வைத்த சோற்றை அவர் தொடாததற்கும் அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவருக்கு என்ன, எப்போது, எவ்வளவு என்று எல்லாவற்றையும் நாமே முடிவெடுத்து மூடி வைத்துவிட்டோம். இந்தத் தடவை முதல்நாளே பக்கத்தில் இருந்து கேளுங்கள்: “மாமி, நாளைக்கு இரவு நாங்கள் வெளியில சாப்பிடப் போறம். உங்களுக்கு வரேக்க சைவக் கடையில இடியப்பமும் சொதியும் வாங்கி வரட்டோ, இல்லாட்டி பிட்டு அவிச்சு வைக்கட்டோ?” அவர் சொல்வதைச் செய்யுங்கள். “நானே ஏதாவது பாத்துக்கொள்ளுறன்” என்றால் விட்டுவிடுங்கள், அதற்கு மேலே ஒரு கறி வைக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கனடாவிலிருந்து வருகிற மகனுக்குத் தாயோடு தனியே இருக்க ஓர் இரவு தேவைப்படலாம். மற்றவர்கள் சாப்பிடப் போகட்டும், அவர் மட்டும் நின்று அம்மா கையால் பிட்டும் வாழைப்பழமும் சாப்பிடட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஆளுக்கொரு வீட்டுக்கு விருந்துக்கு இழுத்துக்கொண்டு திரிவோம். பெற்ற தாய் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். உங்கள் கணவர் தம்பியிடம் ஒரு சொல் சொன்னால் போதும்.

நாள் விஷயத்தில் கவனம் வேண்டும். வருடப்பிறப்பு அன்றைக்கு வெளியே சாப்பிடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். ஏப்ரல் 13, 14 விடுமுறை நாட்களில் நகரத்தில் பல கடைகள் பூட்டு. திறந்திருக்கிற இடங்களிலும் வேலைக்கு நிற்கிற பொடியன்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். இருக்கிற இரண்டு பேர் முழுக் கூட்டத்தையும் சமாளிப்பார்கள், சாப்பாடு வரப் பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள். அன்றைக்கு மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய், கைவிசேடம் வாங்கி, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள். அதையும் நீங்கள் தனியே சமைக்கக்கூடாது. மச்சாள் வருகிறார்தானே, மகளும் தேங்காய் துருவுகிற வயதுதான், ஆண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வெளிச் சாப்பாட்டை இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். அந்த நாட்களில் முஸ்லிம் ஆட்களின் கடைகள் பெரும்பாலும் திறந்திருக்கும், பிரியாணியும் வட்டிலப்பமும் அங்கேதான் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதீர்கள், ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டியிருப்பார்கள்.

வெளியே போவது என்றால் சாப்பிடப் போவது என்று ஆகிவிட்டது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. நம்முடைய ஊரில் காசு செலவழிக்காமல் ஒரு பின்னேரத்தை நிறைவாகக் கழிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு கோணேசர் கோயிலுக்குப் புறப்படுங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது, மாமியை அப்போது ஏற்றிவிடாதீர்கள். கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் மரநிழலில் புள்ளிமான்கள் நிற்கும். பயமே இல்லாமல் கிட்ட வந்து பையை மோந்து பார்க்கும். பொலித்தீன் பையைத் திறந்தபடி கையில் வைத்திருந்தால் அதையும் இழுத்து வாயில் போட்டுவிடும், பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மேலே போனால் இராவணன் வெட்டு. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்த கதையையும், சம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பதிகம் பாடியதையும் மாமி உங்களைவிட நன்றாகச் சொல்வார். கனடாப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லட்டும். தரிசனம் முடிந்து இறங்கி வந்தால் டச்பே கடற்கரை. பாயை விரித்துப் போட்டு மாமியை உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளைத் தண்ணீருக்கு விடுங்கள். கடலை வண்டிலில் ஆளுக்கொரு சுருள் வாங்கினால் அந்த நேரத்துப் பசிக்குக் காணும்.

விருந்தாளிகள் புறாத்தீவு கேட்பார்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கடல் நல்லது. சித்திரையில் காற்றைப் பார்த்து, நிலாவெளியில் படகுக்காரரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். அது 2003 இலிருந்து தேசியப் பூங்கா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுச்சீட்டு பல மடங்கு கூட, படகுக்கூலி வேறு. அந்த வாசலில் நின்றுகொண்டு யார் கட்டுவது என்று முகத்தை முகத்தைப் பார்ப்பது நல்லாயிருக்காது, வீட்டிலேயே பேசிவிடுங்கள். மாமிக்குக் கன்னியா வெந்நீரூற்று பொருத்தம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. காலையிலேயே போய் அள்ளி ஊற்றிவிட்டு, வருகிற வழியில் அந்தச் சைவக் கடைச் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

காசுக்கு வருவோம். பெரிய இடங்களில் மெனுவில் இருக்கிற விலை கடைசி விலை இல்லை. பத்து வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் முதலில் 11,000 ஆகும், வரியோடு 12,980 ஆகும். கணவரின் முகம் மாறுகிற இடம் அந்த 2,980 ஆகத்தான் இருக்க வேண்டும். போனில் மேசை சொல்லும்போதே, மெனு விலையில் இவை சேர்ந்திருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். நண்டும் சிங்க இறாலும் நிறைக்குத்தான் விலை. நிறுத்துக் காட்டி விலை சொன்ன பிறகே சமைக்கச் சொல்ல வேண்டும். பிறைட் றைஸ், கொத்து எல்லாம் ஒன்று எடுத்தால் இரண்டு பேருக்குத் தாராளம். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டுப் பாதியை மேசையில் விட்டு வராதீர்கள், மிஞ்சினால் பார்சல் கட்டித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஐந்தரை மணிக்கே ஒரு பற்றீஸோ வாழைப்பழமோ கொடுத்துவிட்டால், பசி தலைக்கேறிக் கண்ட கண்டதெல்லாம் கேட்கமாட்டார்கள்.

மகளை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 15 வயதில் வீட்டார் தெரிவு செய்கிற எந்த இடமும் பிடிக்காது. இரண்டாவது தடவைக்கு அப்பாவோடு சேர்ந்து அவளும் இடம் பார்க்கட்டும். இவ்வளவு காசு, இத்தனை பேர், இதற்குள்ளே ஒரு நல்ல இடம் என்று அவளிடம் கொடுங்கள். தானே தெரிந்தெடுத்த கடையில் சாப்பாடு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள்.

கடைசியாக, பில். கனடாக்காரர்தானே, அவர் கட்டுவார் என்று யாரும் மனதில் நினைத்துக்கொண்டு மேசையில் உட்காரக்கூடாது. நம் வீட்டுக்கு வந்தவரிடம் காசு வாங்குவதா என்று உங்கள் கணவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. அண்ணனும் தம்பியும் வந்த முதல் நாளே தனியாகப் பேசிக்கொள்ளட்டும். இரவுச் சாப்பாடு அண்ணனின் விருந்து, புறாத்தீவுப் படகும் சீட்டும் தம்பியின் பொறுப்பு என்று பிரித்தால் இரண்டு பேருக்கும் மரியாதை. சைவக் கடைப் பில்லை மாமி தன் பென்சன் காசிலோ முடிச்சுக் காசிலோ கட்ட ஆசைப்பட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.