இந்தோனேசிய இளைஞர்கள் எந்நேரமும் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, கொரிய மோகத்தில் சம்பளத்தை ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறார்களாமே, உண்மையா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அங்கே சூப்பர்வைசராகவோ மேனேஜராகவோ போகப்போகிறவர் என்று தோன்றுகிறது. முன்னால் போய்வந்த யாரோ "பசங்க சரியில்லப்பா" என்று சொல்லி அனுப்பியிருப்பார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நான் திருப்பூர்க்காரன். பவர் டேபிளில் ஆரம்பித்து, இப்போது பாண்டுங் பக்கம் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் குவாலிட்டி பார்க்கிறேன். நான் பார்த்த பாண்டுங்கை மட்டும்தான் சொல்கிறேன். சுரபயா, மக்காசரில் இருக்கிற நம்மவர்கள் "எங்க ஊர்ல அப்படி இல்லையே" என்று சண்டைக்கு வர வேண்டாம்.

காபிக் கடை விஷயம் உண்மை. நொங்க்ரோங் என்பார்கள், கும்பலாக உட்கார்ந்து கதையளப்பது. ஆனால் அந்த மேஜையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து பேருக்கு இரண்டு ஐஸ் கோபி சுசு (பால் காபி), முட்டை போட்ட இண்டோமி நூடுல்ஸ் ஒன்று, ஒரே பிளக்கில் மூன்று சார்ஜர், எல்லார் கையிலும் மொபைல் லெஜண்ட்ஸ் என்கிற ஃபோன் கேம். ஒரு காபி இருபதாயிரம் ரூபியா, நம் காசில் நூறு ரூபாய்ச் சொச்சம். அதற்கு வைஃபையும் மின்விசிறியும் சேர்த்தி, எழுந்துபோ என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் குடியிருக்கும் கோஸ் எனும் வாடகை அறையில் கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. 2025இல் பாண்டுங் மாவட்டத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 37 லட்சத்துச் சொச்சம் ரூபியா, நம் பணத்தில் இருபதாயிரத்தை ஒட்டி. அதில் வாடகை, பைக் தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக ஊதாரித்தனம் செய்ய என்ன மிஞ்சும்?

துணிக்கு வருகிறேன், இதுதான் என் ஏரியா. என் செக்‌ஷன் பையன் ஒருவன் ஒரு லீவு நாளில் கெடேபாகே சந்தைக்குக் கூட்டிப்போனான். வெளிநாட்டிலிருந்து பேல் பேலாக வந்து குவிந்த பழைய துணி. அவன் ஒரு டீசர்ட்டை எடுத்தான், முன்னால் இருந்த படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளே திருப்பிக் கீழ் மடிப்பைப் பார்த்தான். ஒற்றைத் தையல் என்றால் பெரும்பாலும் தொண்ணூறுகளின் நடுவுக்கு முந்தைய உருப்படி, விலை ஏறும். அப்புறம் கழுத்து ரிப்பை இழுத்து விட்டான், லேபிளைத் தடவினான், வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினான். "பாக் (சார்), இது நிஜம்" என்று சிரித்தான். செக்கிங் டேபிளில் மாதக்கணக்கில் ட்ரெய்னிங் கொடுத்தும் பலருக்கு வராத கண் அது. துவைத்துத் தேய்த்து இன்ஸ்டாகிராமில் போட்டு விற்கிறான். இவனைச் சோம்பேறி என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"கார்மெண்ட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு பழைய துணிக்கு வக்காலத்தா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். பழைய துணி இறக்குமதிக்கு அங்கே தடை இருக்கிறது. 2023 மார்ச்சில் வர்த்தக அமைச்சரே நின்று பேல்களை எரிக்கவைத்தார். உள்ளூர் ஜவுளித் தொழிலைக் கெடுக்கிறது என்று அதிபராக இருந்த ஜோகோவியும் சொன்னார். கெடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோலோ நகரத்துப் பக்கம் இருந்த ஸ்ரீடெக்ஸ் ஜவுளி ஆலை 2025 மார்ச்சில் மூடி, பத்தாயிரம் பேர் வரை வேலையிழந்தார்களே, அது கடன் முற்றித் திவாலான கம்பெனி. பேலைக் கிளறுகிற பையன் தலையில் அதையும் கட்டாதீர்கள். கொரிய மோகம் என்கிறீர்கள், அவன் காலில் போட்டிருப்பது பாண்டுங் தயாரிப்பான காம்பஸ் ஷூ. உள்ளூர்ப் பையன்களே டீசர்ட் அடித்து விற்கும் டிஸ்ட்ரோ கடைகள் அந்த ஊரில் தொண்ணூறுகளிலிருந்தே உண்டு.

2022இல் சித்தாயம், போஜோங்கெடே, டெபோக் என்ற புறநகர்ப் பிள்ளைகள் மின்சார ரயிலேறி ஜகார்த்தாவின் டுகு அத்தாஸ் பகுதிக்கு வந்து, சாலை கடக்கும் வெள்ளைக் கோடுகளையே ஃபேஷன் மேடையாக்கினார்கள். 'சித்தாயம் ஃபேஷன் வீக்' என்று அதற்குப் பெயர். மால் வாசலில் மதிக்காத பிள்ளைகள். கவர்னரும் அதில் நடந்து பார்த்தார். பேர் கிடைத்ததும் ஒரு பிரபலத்தின் கம்பெனி அந்தப் பெயரையே டிரேட்மார்க் செய்ய விண்ணப்பித்தது, ஊர் கொதித்ததும் வாபஸ் வாங்கியது. உழைத்தவன் ஒருத்தன், பேரெடுப்பவன் ஒருத்தன்.

பழைய துணி விற்கிற என் செக்‌ஷன் பையன் இப்போது ஜப்பான் வேலைக்கு மொழி படிக்கிறான். 2025 பிப்ரவரியில் 'காபுர் அஜா டுலு', அதாவது முதலில் ஓடிப்போ, என்று ஒரு ஹேஷ்டேக் ஓடியதே, அந்தக் கூட்டம்தான். வெளிநாட்டு வேலை என்றதும் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கிறேன் என்று ஒரு ஏஜெண்ட் பாஸ்போர்ட்டை வாங்கினார். "நாளைக்கு, நாளைக்கு" என்றே இழுத்தடித்ததில் தங்கச்சி கல்யாணத்தை வீடியோ காலில்தான் பார்த்தேன். தாலி கட்டும் நேரம் சிக்னல் வேறு போய்விட்டது. பணம் மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். நீங்களாவது ஒவ்வொரு காகிதத்துக்கும் ரசீது கேளுங்கள்.

பையன்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் மேனேஜர் கெத்துப் பார்க்காமல் போங்கள். காபிக்கு 'குராங் மானிஸ்', அதாவது இனிப்பு குறைவாக, என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நம் கருப்பட்டி மாதிரி ஒரு பாகைக் கால் டம்ளருக்கு ஊற்றிவிடுவார்கள்.