மழை எங்கே பெய்கிறது? மலையிடுக்கு நடைப்பயணம்: கேள்வி பதில்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குச் சிட்னி பக்கத்து நீல மலைக்குப் போய், வழிகாட்டியோடு கேன்யனில் (மலையிடுக்கில்) இறங்கலாமா என்று நம் சிங்கப்பூர் நடைக்குழுவில் பேச்சு எழுந்தது. பல வருடங்களாக அங்கே போய் வருகிறவள் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பினார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டுப் பேட்டையை மட்டும் வைத்திருக்கிறேன்.

செங்காங்கிலிருந்து: அக்கா, வாராவாரம் புக்கித் தீமா ஏறுகிறேன். அது போதுமா?

மூச்சுக்குப் போதும், முட்டிக்குப் போதாது. புக்கித் தீமா குன்று 163 மீட்டர்தான். அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. மலையில் முதலில் ஏறுகிறோம், களைத்த பிறகு இறங்குகிறோம். மலையிடுக்கில் இது தலைகீழ். காலையில் தெம்பாக இருக்கும்போது இறங்கிவிடுவீர்கள். நனைந்து, குளிர்ந்து, பசித்த பிறகுதான் ஏற்றம் வரும். நீல மலையின் ப்ளாக்ஹீத் ஊரில் உள்ள 'கிராண்ட் கேன்யன்' பாதை சுமார் 6 கிலோமீட்டர்தான், ஆனால் 3 முதல் 4 மணி நேரம் எடுக்கும். கடைசியில் வரும் படிக்கட்டுகள்தான் ஆளைச் சோதிப்பவை. அதனால் பயிற்சியையும் அப்படியே செய்யுங்கள். மெக்ரிட்சியில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, உங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியை விட்டுப் படியேறுங்கள். இறங்கும்போதும் படிதான். தொடை நடுங்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

தேக்காவிலிருந்து: வழிகாட்டி எதற்கு? கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது, காசும் மிச்சம்.

நான் மேலே சொன்ன கிராண்ட் கேன்யன் பாதைக்கு வழிகாட்டி கட்டாயமில்லை. செதுக்கிய பாதை, கம்பித் தடுப்பு எல்லாம் உண்டு. தேசியப் பூங்கா இணையத்தளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று மட்டும் அன்று காலை பாருங்கள். பலத்த மழைக்குப் பிறகு பாறைச் சரிவால் மூடுவார்கள்.

கயிறு கட்டி இறங்கும் கேன்யன் வேறு விஷயம். வென்ட்வொர்த் ஃபால்ஸ் அருகே 'எம்ப்ரஸ்' என்று ஒன்று இருக்கிறது. குளங்களில் குதித்து, நீந்தி, கடைசியில் அருவியை ஒட்டியே ஏறக்குறைய 30 மீட்டர் கயிற்றில் இறங்க வேண்டும். கயிற்றை உருவிவிட்டால் வந்த வழியே திரும்ப முடியாது. உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்பவும் முடியாது. பழக்கமில்லாதவர்கள் தனியாகப் போகவே கூடாது.

ஆனால் நான் வழிகாட்டியை வலியுறுத்தும் முதல் காரணம் கயிறு அல்ல, மழை. புக்கித் தீமா கால்வாயை நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கொட்டினால் முட்டியளவு இருந்த தண்ணீர் கரை தொட ஓடும். மலையிடுக்கும் அப்படித்தான், ஆனால் ஏறித் தப்பக் கரை இருக்காது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதும் இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யனில் 11 பயணிகள் இறந்தார்கள். புயல்மழை பெய்தது மேல்பகுதியில், அவர்கள் நின்ற இடத்தில் மழையே பெரிதாக இல்லை. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே ஸாக்சட்டன் ஓடையில் 21 பேர் இறந்தார்கள். அதில் 3 பேர் வழிகாட்டிகள்.

இந்த இரண்டு குழுக்களிலும் வழிகாட்டி இருந்தார் என்பதைக் கவனியுங்கள். ஆக, "வழிகாட்டி இருக்கிறார்" என்பது மட்டும் போதாது. வேண்டாம் என்று சொல்லக்கூடிய வழிகாட்டி வேண்டும். நீர் எங்கிருந்து வந்து சேர்கிறது, அந்தப் பரப்பு முழுக்க என்ன வானிலை என்று பார்க்கிறவர் வேண்டும். அந்தத் தீர்ப்புக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

பொங்கோலிலிருந்து: அப்படியானால் நல்ல நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிவு செய்வதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: "எந்த நிலைமையில் ரத்து செய்வீர்கள்? அதை முடிவு செய்வது யார்?" அன்று காலை வழிகாட்டியே முடிவு செய்வார், காய்ந்த மாற்றுப் பாதை ஒன்று கைவசம் இருக்கிறது என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. "எங்களுக்கு மழை பிரச்சினையே இல்லை, எல்லா நாளும் போகிறோம்" என்றால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவரிடம் அவசர உதவிக் கருவி இருக்குமா, பூங்கா உரிமம் உண்டா என்பதையும் கேளுங்கள். வியட்நாமின் டாலட், பிலிப்பீன்ஸின் செபு என்று பக்கத்தில் மலிவாகப் போகிறவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். டாலட்டின் டாடன்லா அருவியில் 2016-ல் மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள். விலையை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: போன வருடம் நாங்கள் போனபோது வானம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் காலையில் ரத்து என்றார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் செலவு. இது நியாயமா?

உங்கள் வருத்தம் புரிகிறது. எட்டு மணி நேரம் பறந்து போய்த் திரும்புவது லேசான விஷயம் இல்லை. ஆனாலும் அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். முந்தின இரவு மேலே பெய்த மழை இறங்கி வர நேரமாகும். வானம் பளிச்சென்று இருப்பது உள்ளே ஓடும் தண்ணீரைப் பற்றி எதையும் சொல்லாது. அடுத்த முறை கேன்யனைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாளுக்கே பதிவு செய்து, பின்னால் இரண்டு நாள் காலியாக விடுங்கள். ரத்தானால் தள்ளிப் போடலாம். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று பயந்து இறங்குகிற வழிகாட்டியை நாமே உருவாக்கிவிடக் கூடாது. ரத்து செய்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: அம்மா, எனக்கு வயது 61. இருபது வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். மகன் கூப்பிடுகிறான். வரலாமா?

ஐயா, முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். "நடைப்பயணம்" என்று சுருக்கிச் சொல்லாமல், குளிர்ந்த நீரில் பல மணி நேரம், பிறகு ஏற்றம் என்று விவரமாகச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், வழிகாட்டியிடம் கிளம்பும் முன்பே தெரிவியுங்கள். ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. சர்க்கரை இறங்கினால் நடுக்கம், குழப்பம், தடுமாற்றம் வரும். உடல் அதிகமாகக் குளிர்ந்து போனாலும் அதே அறிகுறிகள்தான் வரும். தெரியாதவர் "குளிருகிறது போல" என்று போர்த்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். குளுக்கோஸ் மாத்திரையை நனையாத பையில் போட்டு, ஒன்று உங்களிடமும் ஒன்று மகனிடமும் இருக்கட்டும். என் கருத்தைக் கேட்டால், முதல் முறை கிராண்ட் கேன்யன் பாதையிலேயே நடந்து வாருங்கள், ஐயா. பெரணிகளும் பாசிப் பாறைகளும் நிறைந்த இடம். அழகில் ஒன்றும் குறைவில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து: முடி நீளம், தாலிச் சங்கிலி, மெட்டி. எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். முடிதான் ஆபத்து. இறங்கும்போது கயிறு ஓடுகிற உலோகக் கருவி வயிற்றுக்கு முன்னால் இருக்கும். குனிந்து பார்க்கும்போது தொங்கும் கூந்தல் அதில் சிக்கினால் நடுக் கயிற்றில் அப்படியே மாட்டிக்கொள்வீர்கள். பின்னி, கொண்டை போட்டு, சட்டைக்குள் அல்லது ஹெல்மெட்டுக்குள் முழுவதும் அடக்குங்கள். மோதிரத்தை விடுதியிலேயே கழற்றி வையுங்கள். பாறைப் பிளவில் மோதிரம் மாட்டினால் விரலுக்கே சேதம். மெட்டி கழன்றால் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மருத்துவ டேப் சுற்றுங்கள். நனைந்த காலணிக்குள் அது தோலை அறுக்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்று மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி வெட்சூட்டுக்குள் (தண்ணீர்க் குளிரைத் தாங்கும் ரப்பர் உடை) வைத்துக்கொள்ளலாம்.

பிடோக்கிலிருந்து: தலைமறைப்பு அணிகிறேன். ஹெல்மெட் போட முடியுமா?

தாராளமாக, சகோதரி. விளையாட்டுக்கான மெல்லிய தலைமறைப்பு போதும். ஊசி வேண்டாம், தொங்கும் முனையும் வேண்டாம். வெட்சூட் உடல் முழுக்க மூடும். அதற்கு மேல் தளர்வான அரைக்கால் சட்டை போடச் சொல்வதும் உண்டு, பாறையில் வழுக்கும்போது வெட்சூட் கிழியாமல் இருக்கும். உங்களுக்கு அதுவும் வசதிதான்.

ஈசூனிலிருந்து: ஜூன் விடுமுறையா, ஆண்டிறுதியா? என் மகளுக்குப் பத்து வயது, நீச்சல் ஓரளவு தெரியும்.

ஆண்டிறுதி. ஜூனில் அங்கே குளிர்காலம். நீர் நிறைந்த கேன்யன்களுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் தோது. கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், வெயிலே படாத இடுக்கு அல்லவா. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி.

பத்து வயதில் கயிற்றுக் கேன்யனுக்குப் பல நிறுவனங்கள் சேர்க்க மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், கெஞ்ச வேண்டாம். இன்னொன்று, கோடை என்றால் காட்டுத்தீக் காலமும் கூட. 2019-20 தீயில் அந்த உலக மரபுக் காட்டின் பெரும்பகுதி எரிந்தது. தீ அபாயம் கூடிய நாட்களில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

காலாங்கிலிருந்து: எனக்கு இந்தியக் கடப்பிதழ். சிங்கப்பூர் நண்பர்களோடு ஒரே வாரத்தில் கிளம்ப முடியுமா?

நண்பர்கள் செயலியில் மின்னணு அனுமதி வாங்கிவிடுவார்கள். உங்களுக்கு முறையான வருகையாளர் விசா தேவை, அதற்கு நாள் எடுக்கும். விசா கிடைத்த பிறகே சீட்டு எடுங்கள். பயணக் காப்புறுதியிலும் ஒரு வரியைத் தேடுங்கள்: கயிற்றில் இறங்குவதை விலக்கியிருக்கிறார்களா, உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போனால் மட்டும் ஏற்கிறார்களா என்று. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தெம்பனிஸிலிருந்து: உயரம் என்றாலே பயம். கயிறு நழுவிவிட்டால்?

உங்களைத் தாங்குவது கை வலிமை அல்ல, கருவிக்குள் ஓடும் கயிற்றின் உராய்வு. நீங்கள் கையை விட்டாலும், கீழே நிற்கும் வழிகாட்டி கயிற்றை இறுக்கி இழுத்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். இதை மேட்டில் சின்னப் பாறையில் பழக்கிய பிறகே உள்ளே அழைத்துப் போவார்கள். அங்கேயே "முடியாது" என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள். திரும்புவதற்கு அதுதான் கடைசி இடம்.

புவாங்கோக்கிலிருந்து: பழைய காலணி போதுமா? சாப்பாடு இங்கிருந்து கொண்டுபோகலாமா?

பழையது போதும், ஆனால் அடிப்பாகத்தை மண் துளி இல்லாமல் கழுவி எடுத்துப் போங்கள். விமான நிலையத்திலும் பார்ப்பார்கள். 1994-ல் டேவிட் நோபிள் என்ற பூங்கா அலுவலர் ஒரு மலையிடுக்கில் இறங்கியபோது வொல்லமை பைன் என்ற மரத்தைக் கண்டுபிடித்தார். உலகத்துக்கே தெரியாமல் அங்கே வாழ்ந்துகொண்டிருந்த பழங்கால மரவகை. அந்த இடத்தை இன்றுவரை ரகசியமாக வைத்திருப்பதற்கு ஒரு காரணம், காலணி மண்ணில் வரும் வேரழுகல் நோய்.

சாப்பாட்டில் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி எதுவும் வேண்டாம். முறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை என்றாலும் நுழைவு அட்டையில் "உணவு உண்டு" என்று குறித்துவிடுங்கள். மறைத்தால் அபராதம் பெரியது. சிட்னியில் வென்ட்வொர்த்வில் பக்கம் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. முந்தின நாளே சப்பாத்தி, புளிச்சோறு வாங்கி வைத்துக்கொள்ளலாம். சோற்றைவிடச் சப்பாத்திச் சுருள் நல்லது, நனைந்த கையோடு நின்றபடியே சாப்பிடலாம்.