எழுத ஒன்றுமில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணக்குத் துறையில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து அறிவியலைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிறு தொலைநோக்கி, ஒரு மழைமானி, ஒரு சிற்றலை வானொலி. பொழுதுபோக்காக வானொலியில் அனுப்பவும் பேசவும் அனுமதிக்கும் ஹாம் உரிமத்துக்குத் தேர்வு எழுதவும் எண்ணம் உண்டு. செயற்கைக்கோள்களும் ராட்சதத் தொலைநோக்கிகளும் இருக்கும் காலத்தில் நீ பார்த்து, நீ அளந்து யாருக்கு என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆரம்பத்தில் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தேன். பாதி நாள் மேகமூட்டம், மழையும் இல்லை, வானொலியில் வெறும் இரைச்சல். எழுத ஒன்றுமில்லாததால் விட்டுவிட்டேன். அடுத்துப் பெரிய தொலைநோக்கி வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தொலைநோக்கி வாங்குவது பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இருப்பதில் சனியின் வளையத்தைப் பார்த்தாயிற்றா? மறுநாளும் பார்த்தீர்களா? நண்பர்களுக்குப் பதில் தேடியும் அலைய வேண்டாம். சீட்டாடுகிறவனிடம் யாரும் பயன் கேட்பதில்லை.

என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான். எழுத ஒன்றுமில்லாததால் விட்டுவிட்டேன் என்கிறீர்கள். கணக்குத் துறையில் இருப்பவர் எழுதுகிற வரியா இது?

என் பெரியப்பா மழை அளப்பவர். யாரும் கேட்டு அளந்ததில்லை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் புனலைக் கழற்றி, அளவுக் குடுவையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீர்மட்டம் நடுவில் குழிந்திருக்குமே, அந்தக் குழிவின் அடி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் படிப்பார். கோடையில் குடுவை காய்ந்து கிடக்கும். அப்போதும் அதே போல உயர்த்திப் பார்த்துவிட்டுத்தான் 0.0 என்று எழுதுவார். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும். ஒருமுறை அவர் வெளியூர் போயிருந்தபோது பொறுப்பு அவர் மகனிடம் வந்தது. அண்ணன் மழை பெய்த நாளை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றைக் காலியாக விட்டிருந்தான். “பூஜ்யம் போட்டிருந்தால் நீ பார்த்தாய், மழை இல்லை என்று தெரியும். காலியாக விட்டால் மழை பெய்யவில்லையா, நீ பார்க்கவில்லையா, யாருக்குத் தெரியும்?” என்று பிடித்துக்கொண்டார் பெரியப்பா. மழை பெய்யவே இல்லை என்று அண்ணன் எவ்வளவு சத்தியம் செய்தும் அந்தக் கட்டங்களில் பூஜ்யம் போட அவர் விடவில்லை. சிவப்பு மையில் ‘அளக்கவில்லை’ என்று எழுதினார். இரண்டு பேரும் சில நாட்கள் பேசிக்கொள்ளவில்லை.

பெரியப்பா முரடர்தான். ஆனால் ஹைன்ரிஷ் ஷ்வாபேயைப் பற்றிப் படிக்கப் படிக்க அவர் மீது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. ஷ்வாபே ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரத்து மருந்துக்கடைக்காரர். புதனைவிடச் சூரியனுக்கு நெருக்கமாக இன்னொரு கோள் இருக்கிறதென்று நம்பி, அது சூரிய வட்டின் குறுக்கே போகும்போது பிடித்துவிட வேண்டுமென்று 1826இலிருந்து வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்தார். அப்படி ஒரு கோளே கிடையாது. ஆனால் சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளியைக் கோள் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாதே என்று புள்ளிகளையும் விடாமல் குறித்துவைத்தார். எத்தனை நாள் பார்த்தார், அதில் எத்தனை நாள் புள்ளியே இல்லை என்றும் எழுதினார். 1828இல் புள்ளியில்லாத நாள் ஒன்றுகூட இல்லை. 1833இல் பார்த்த 267 நாட்களில் 139 நாட்கள் வெறும் வட்டு. 1837இல் மறுபடியும் ஒரு நாள்கூட இல்லை. 1843இல் பார்த்தது 312 நாட்கள், அதில் 149 வெறுமை. சூரியனுக்கு ஒரு சுழற்சி இருக்கிறது, அது ஏறக்குறைய பத்தாண்டு என்று அவர் அறிவித்தார். இன்று நாம் சராசரியாகப் பதினோரு ஆண்டு என்கிறோம். 1857இல் லண்டனின் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அந்த 139ஐக் கவனியுங்கள். நூற்று முப்பத்தொன்பது நாட்கள் ஒரு மனிதர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறார். 267ஐ இன்னும் நன்றாகக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் 139க்குப் பொருளே இல்லை. எத்தனையில் எத்தனை என்று தெரியாத எண்ணை உங்கள் அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினால் என்ன சொல்வார்கள்? நீங்கள் தூக்கிப் போட்டது அந்த 267ஐத்தான். உங்களைப் போலவே ஷ்வாபேயும் எழுத ஒன்றுமில்லை என்று ஓராண்டில் மூடிவைத்திருந்தால் அவருக்குக் கோளும் இல்லை, சுழற்சியும் இல்லை.

வானொலியில் வெறும் இரைச்சல் என்று வேறு குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். அதிலும் சூரியனுக்குப் பங்கு உண்டு. புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் சூரியனின் புறஊதா ஒளி கூடி, சிற்றலைகளை வளைத்துத் தரைக்குத் திருப்பும் மேல் வளிமண்டல அடுக்கான அயனி மண்டலம் அடர்த்தியாகிறது. அப்போது பத்து மீட்டர் அலைநீளத்தில் மிகக் குறைந்த திறனில் அனுப்பினாலும் அடுத்த கண்டத்தில் கேட்கும். புள்ளிகள் வற்றிய ஆண்டுகளில் அதே அலை பெரும்பாலும் செத்துக் கிடக்கும். ஒரே நேரத்தில், ஒரே ஆன்டெனாவில், கேட்டது எது, கேட்காதது எது என்று சில ஆண்டுகள் எழுதிப் பாருங்கள். ஷ்வாபேயின் அட்டவணை உங்கள் காது வழியாக வந்து சேரும்.

கிரோட் ரீபர் அமெரிக்காவில் ஒரு ஹாம். விண்வெளியிலிருந்து வானொலி அலை வருவதை கார்ல் ஜான்ஸ்கி 1933இல் அறிவித்ததைப் படித்துவிட்டு, 1937இல் சொந்தக் காசில் வீட்டுத் தோட்டத்தில் ஒன்பது மீட்டருக்கு மேல் அகலமான கிண்ண ஆன்டெனாவைக் கட்டினார். 3,300 மெகாஹெர்ட்ஸில் தேடினார், ஒன்றும் இல்லை. 910இல் தேடினார், ஒன்றும் இல்லை. 160இல் பால்வீதி கேட்டது. வெப்பத்தால் மட்டும் எழும் அலையாக இருந்தால் அதிர்வெண் கூடக் கூட வலுக்க வேண்டும். அப்படி இல்லை என்று அவருக்குச் சொன்னவை கேட்காத அந்த இரண்டு அதிர்வெண்களும்தான்.

ஹாம் தேர்வைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள் இல்லையா? எழுதுங்கள். உரிமம் வந்ததும் பதிவேட்டில் தேதி, நேரம், அதிர்வெண், அழைப்புக்குறி எல்லாம் எழுதுவீர்கள். யாரும் பதில் தராத அழைப்பையும் எழுதுங்கள்.

ஷ்வாபேயைப் படித்த உற்சாகத்தில் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்துவிடாதீர்கள், பார்வை போய்விடும். முகப்பில் பொருத்துகிற தரமான சூரிய வடிகட்டி வாங்குங்கள், பெரிய தொலைநோக்கிக்கு வைத்திருக்கும் பணத்தில் இதற்கு ஒரு பங்கு போதும். முதல் நாள் புள்ளி ஒன்றும் தெரியவில்லை என்றால் தேதி போட்டு 0 என்று எழுதுங்கள். மேகம் மறைத்திருந்தால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள்.