முதல்முறை ஃபைபர் இணைப்பு: பெட்டியை எங்கே மாட்டுவது?

கேள்வி: வீட்டுக்குப் புதிதாக 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுக்கப் போகிறோம். கீழே ஹால், இரண்டு அறைகள். மாடியில் ஓர் அறை. மகள் அந்த மாடி அறையில் இருந்துதான் அலுவலக வேலை பார்க்கிறாள். வாசல் பக்கம் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மோடத்தை மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். பெரிய ஆன்டெனா உள்ள ரூட்டராக வாங்கிவிட்டால் மாடி வரை எட்டுமா? வேறு எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்? (வாசகி, மதுரை)

பதில்: வாசலோரம் மாட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள். அங்கே மாட்டினால் பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும். ஃபைபர் ஒயரை இன்னும் 10 மீட்டர் உள்ளே இழுப்பது அவர்களுக்கு அரை மணி நேர வேலை. சுவரில் துளை போடும் முன்பே ஹாலின் நடுப்பகுதியைக் காட்டி, மாடிப்படிக்குப் பக்கமாக, தரையிலிருந்து 5 அல்லது 6 அடி உயரத்தில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும். டிவி ஸ்டாண்டின் உள்ளே, ஸ்டீல் பீரோ மேலே, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மீன் தொட்டியை ஒட்டி என்று எங்கும் வைக்க வேண்டாம். இரும்பு சிக்னலைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும்.

பெரிய ஆன்டெனா விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வைஃபை என்பது இரு பக்கப் பேச்சு. ரூட்டர் சத்தமாகப் பேசினால் மாடியில் உள்ள போனுக்குக் கேட்கும். போன் பேசுவது கீழே ரூட்டருக்குக் கேட்க வேண்டுமே? போனின் ஆன்டெனா சின்னது, அதன் சக்தியும் குறைவு. அதனால்தான் சிக்னல் கோடுகள் நிறையத் தெரிந்தும் வீடியோ கால் அறுந்து அறுந்து வருகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்ட ஆன்டெனாவின் நீளம் உதவாது.

மாடிக்குச் சரியான வழி, கீழேயிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே ஒரு சாதாரண ரூட்டர் வைப்பது. சுவர் சாக்கெட்டில் சொருகும் ரிப்பீட்டர் மலிவுதான். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெஷ் செட்டும் (ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று ரூட்டர் சேர்ந்தது) ஒயர் இல்லாமல் போட்டால் அதே கான்கிரீட்டைத்தான் தாண்டியாக வேண்டும்.

கேபிள் வாங்கும்போது கேட்6, முழுச் செம்பு என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசிய மலிவு வகை வளைவில் சீக்கிரம் ஒடியும். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் அவுட்டோர் கேபிளாக இருக்கட்டும். சாதாரண உறை வெயிலில் வெடித்துவிடும். உங்கள் வீட்டுக்கு 20 மீட்டர் போதும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். முனையில் ஜாக் அடித்ததும் நீங்களே பாருங்கள். கிளிப் கீழ்ப்பக்கமும் ஒயர் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால், கண்ணாடி போன்ற ஜாக்குக்குள் இடமிருந்து வலமாக ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று எட்டு நிறமும் தெரிய வேண்டும். இரு முனையிலும் இதே வரிசை. சிலர் நான்கு ஒயரை மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். இன்று 100 பிளானில் குறை தெரியாது. நாளை 300க்கு மாறினாலும் மாடியில் 95ஐத் தாண்டாது, காரணமும் புரியாது.

மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (கீழேயிருந்து வரும் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் நிலை) போடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 போல மாற்றி (கீழே உள்ளது 192.168.1.1 என்றால்), கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை (DHCP) அணைத்து, கேபிளை வான் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் சொருகுங்கள். வான் துளையில் சொருகினாலும் நெட் வரும். ஆனால் மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே உள்ள பிரிண்டரும் டிவியும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் கீழே 1, மேலே 6 அல்லது 11 என்று வேறுபடட்டும். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

இணைப்பு கொடுக்க வரும் நாளில் மோடத்தில் பான் (PON) விளக்கு பச்சையில் நிலையாக எரிய வேண்டும். லாஸ் (LOS) விளக்கு சிவப்பில் மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை. ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, ஒயர் எங்கோ மடங்கியோ அறுந்தோ இருக்கும். மிச்சமுள்ள ஃபைபரைச் சுருட்டும்போது தண்ணீர்ச் செம்பின் வாயைவிடச் சின்ன வளையமாகச் சுருட்டக் கூடாது, ஆணி அடித்து நசுக்கவும் கூடாது. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இணைப்பு கொடுக்க வந்தவர் கிளம்பும் முன் பிபிபிஓஇ (PPPoE, மோடம் நிறுவனத்தின் நெட்டில் நுழையும் முறை) யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதி வாங்குங்கள். மோடத்தை ரீசெட் செய்ய நேர்ந்தாலோ மாற்ற நேர்ந்தாலோ இது இல்லாமல் நெட் வராது. வேகத்தை லேப்டாப்பில் லேன் கேபிள் சொருகிப் பாருங்கள். கேபிளில் 90க்கு மேல் வந்து வைஃபையில் 30 வந்தால் குறை வீட்டுக்குள். கேபிளிலேயே 30 என்றால் அவர்கள் பக்கம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்பது டவுன்லோடில் நொடிக்கு 12.5 எம்பிதான் (மெகாபைட்), ஏனென்றால் 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்.

பாஸ்வேர்டுகள் இரண்டு. வைஃபைக்கானது ஒன்று, மோடத்தின் உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டு இன்னொன்று. இரண்டாவதைப் பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை. அது ஸ்டிக்கரில் உள்ளபடியே இருந்தால் வைஃபையில் சேர்ந்த யாரும் உள்ளே போய் எதையும் மாற்றலாம். வைஃபை செட்டிங்கில் பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2 AES), அல்லது எல்லாக் கருவியும் ஏற்றால் டபிள்யூபிஏ3. பாஸ்வேர்டு கேட்காமல் பட்டன் அழுத்தியோ பின் எண் கொடுத்தோ சேர்க்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் போதும்.

போனில் தெரியும் "5ஜி" என்ற பெயர் மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஒரே அறைக்குள் வேகம், சுவர் தாண்டினால் தளரும். மகள் லேப்டாப்பை மாடியில் இதில் சேர்க்கட்டும். ஸ்மார்ட் பல்பு, பழைய டிவி, வைஃபை கேமரா பெரும்பாலும் 2.4ஐ மட்டுமே பிடிக்கும். சேர மறுத்தால் 5ஐச் சிறிது நேரம் அணைத்துவிட்டுச் சேருங்கள்.

கரண்ட் போனாலும் ஃபைபர் ஒயரில் வெளிச்சம் பெரும்பாலும் வந்துகொண்டே இருக்கும், அணைவது உங்கள் மோடம்தான். வீட்டில் இன்வெர்டர் இல்லையென்றால் ரூட்டருக்கான மினி யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், சில ரூட்டர்களுக்கு 9 அல்லது 5. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. மாடி ரூட்டருக்கும் தனியாக ஒன்று வேண்டும். கீழே மட்டும் வைத்தால் கரண்ட் போகும்போது மகளின் மீட்டிங்தான் முதலில் அறுந்துபோகும்.